சட்டப்படி வெட்டிய பன்னிரண்டு நாள்

எங்கள் தோட்டத்துப் பிரட்டுக்களத்தில் தொங்கிய அறிவிப்புப் பலகையை மேலிருந்து கீழ்வரை படித்த ஆள் நான் ஒருத்திதான். இதைப் பெருமையாகவே சொல்கிறேன். ஆறாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு கண்ணில் பட்ட எழுத்தையெல்லாம் படித்தேன். மளிகை கட்டிவந்த தாள், பால் டின்மேல் ஒட்டிய சீட்டு, கோயில் நோட்டீசு, எதையும் விட்டதில்லை. பிரட்டுக்களம் என்பது விடியுமுன் எல்லாரையும் நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பும் திடல். வேலையை மேற்பார்க்கும் மண்டோர் என் பெயருக்கு வந்து சேரும்வரை நிற்கத்தானே வேண்டும்? கணக்கு எழுதும் கிராணியின் ஆபீஸ் விளக்கு அந்தப் பலகைமேல் விழும். நான் படித்துக்கொண்டே நிற்பேன்.

பால் வடிய ரப்பர் மரத்துப் பட்டையை எப்படி வெட்ட வேண்டும், எப்படி வெட்டக் கூடாது என்று மலாயிலும் ஆங்கிலத்திலும் தமிழிலுமாகப் பதினாறு விதிகள் அதில் இருந்தன. வெள்ளைக்காரத் துரை காலத்தில் எழுதியவை. சுதந்திரம் வந்து, வெள்ளைக்காரர் கப்பலேறி, நம் நாட்டுக்காரர் ஒருவர் துரையாக வந்தார். அதே பங்களா, அதே ஜீப், அதே தொப்பி. “ஆளுதான் மாறுச்சு, நாக்காலி மாறல” என்று லயத்துப் பெண்கள், தொழிலாளர் வரிசை வீடுகளில் இருந்தவர்கள், சொல்வார்கள். வந்த புதிதில் அவர் செய்த முதல் காரியம், அந்தப் பலகைக்குப் புது வர்ணம் அடிக்கச் சொல்லி, அடியில் தன் கையெழுத்தைப் பெரிதாகப் போட்டுக்கொண்டதுதான்.

அது எழுபதுகளின் நடுப்பகுதி. தலைநகரில் கலவரம் நடந்து சில வருஷம் ஆகியும், அவசரகாலம் முடிந்தது என்று ஈப்போவை அடுத்த செமோருக்கும் உள்ளே தள்ளியிருந்த எங்களுக்கு யாரும் வந்து சொல்லவில்லை. ஐந்து பேருக்குமேல் கூட வேண்டுமானால் போலீஸ் அனுமதி வேண்டும். ஒருவன்மேல் சந்தேகம் வந்தால் போதும், கோர்ட்டு விசாரணை எதுவும் இல்லாமல் தைப்பிங் பக்கத்து முகாமில் இரண்டு வருஷம் வைக்கலாம். போதாது என்று தோன்றினால் இன்னும் இரண்டு வருஷம். ஈப்போ கடைகளில் தேத்தண்ணி குடிக்கிறவர்கள்கூட ‘அரசாங்கம்’ என்ற சொல் வரும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். “வாய் பெருசானா வீடு சிறுசாயிரும்” என்பது அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் பிறந்த பழமொழி. சிறிய வீடு என்றால் சிறை.

இந்த நிலைமையில்தான் துரை ஆயாக் கொட்டகையை மூடினார். தாய்மார் மரம் வெட்டப் போகும் நேரத்தில் கைக்குழந்தைகளை வைத்துக்கொள்ளும் இடம் அது. வரிசையாகத் தொட்டில் கட்டியிருக்கும், பார்த்துக்கொள்ள ஓர் ஆயா இருப்பாள். உர மூட்டை அடுக்க இடம் வேண்டுமாம். தொட்டில்களை அவிழ்த்துவிட்டு மூட்டைகளை அடுக்கினார்கள்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது, கல்யாணம் ஆகவில்லை, பிள்ளையும் கிடையாது. ஆனால் என் நிரைக்கு, அதாவது எனக்கு ஒதுக்கிய மர வரிசைக்கு, அடுத்த நிரை வெட்டிய அக்காவுக்கு மூன்று மாதக் குழந்தை இருந்தது. வேறு வழியில்லாமல் இரண்டு மரத்துக்கு நடுவே இடுப்பில் உடுத்தும் சாரோங்கைத் தூளியாகக் கட்டி அதில் குழந்தையைப் போட்டுவிட்டு அவள் வெட்டப் போவாள். நாலாம் நாள் தூளிக்குள் செவ்வெறும்பு ஏறிவிட்டது. அவள் நிரையின் அந்தக் கோடியில் இருந்தாள். நான்தான் ஓடிப்போய்த் தூக்கினேன். அந்தப் பிஞ்சுக் கால் வீங்கியிருந்த விதத்தை நான் இங்கே எழுதப்போவதில்லை.

தொழிற்சங்கத்து அண்ணன் ஒருவர் வந்து பார்த்தார். நல்ல மனிதர். வேலைநிறுத்தம் என்ற சொல்லை இந்த நேரத்தில் வாயிலே எடுக்காதீர்கள், எடுத்தால் முதலில் போகிறவன் நான், அடுத்துப் போகிறவர்கள் நீங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் பைப்படியில் வாளியோடு நின்றபோது பெண்கள் அதைத்தான் பேசினார்கள். வேலைக்குப் போகாமல் இருந்தால் குற்றம், போனால் பிள்ளையை எறும்புக்குக் கொடுக்க வேண்டும். அப்போது நான் சொன்னேன், போவோம், ஆனால் பலகையில் போட்டிருக்கிறபடி வெட்டுவோம் என்று.

யாருக்கும் புரியவில்லை. பதினாறு விதியையும் ஒப்பித்தேன். வெட்டுமுன், நேற்று வெட்டிய இடத்தில் காய்ந்து ஒட்டிய ஒட்டுப்பாலைத் துளி விடாமல் உரிக்க வேண்டும். பால் பிடிக்கும் மங்குக் கிண்ணத்தை ஒவ்வொரு மரத்திலும் துணியால் துடைத்த பிறகே வைக்க வேண்டும். கத்தி மழுங்கினால் அங்கேயே நின்று தீட்ட வேண்டும். ஈரப் பட்டையில் கத்தி வைக்கவே கூடாது. இதையெல்லாம் ஒழுங்காகச் செய்தால் ஒரு நிரையில் பாதி மரம்கூட முடியாது. ரப்பர் மரத்தின் குணம் தெரிந்தவர்களுக்கு மீதியைச் சொல்ல வேண்டாம். வெயில் ஏறுமுன் வெட்டினால்தான் பால். ஏறிவிட்டால் மரம் வாயை மூடிக்கொள்ளும். அதனால்தான் அந்தப் பலகை தொங்கிய காலம் முழுவதும் ஒருத்தரும் அதன்படி வெட்டியதில்லை, எந்தத் துரையும் வெட்டச் சொன்னதுமில்லை.

எறும்பு கடித்த குழந்தையின் தாய்தான் முதலில் சிரித்தாள். “அடி மேல அடி வச்சா அம்மியும் நகரும்பாங்க. நாம அடியே வைக்காம நகத்தப் போறோம்” என்றாள். அன்றைக்கே ஐந்தைந்து பேராகப் பேச்சு லயம் முழுக்கப் போனது. நாங்கள் கூட்டம் போடவில்லை. தண்ணீர் பிடித்தோம், அவ்வளவுதான்.

முதல் நாள் மண்டோர் பட்ட பாட்டை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வரும். பதினோராவது விதி என்று ஒன்று இருந்தது. மரத்தில் காயம் கண்டால் அடுத்த மரத்துக்குப் போகுமுன் மேற்பார்வையாளரிடம் காட்ட வேண்டும். அறுபது பெண்கள் அறுபது நிரையில் நின்றுகொண்டு, மண்டோர் அண்ணே, மண்டோர் அண்ணே என்று கூப்பிட்டால் ஒரு மனிதர் எங்கேதான் ஓடுவார்? என் நிரைக்கு வந்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது.

“இது நான் பொறக்கறதுக்கு முன்ன பட்ட காயம்மா” என்றார்.

“இருக்கட்டும் லா, அண்ணே. காட்டணும்னுதான் போட்டிருக்கு. எப்பப் பட்டதுன்னு போடல.”

மூன்றே நாளில் பால் ஸ்டோரில் பாதித் தொட்டி காலி. எங்கள் சம்பளமும் அதோடு விழுந்தது, அதை மறைக்கவில்லை. மரவள்ளிக்கிழங்கும் கருவாடும் சாப்பிட்டோம். துரை பிரட்டுக்களத்துக்கே வந்து கத்தினார். நாங்கள் தலையைக் குனிந்துகொண்டு, சரிங்க ஐயா, இன்னும் கவனமா வெட்டுறோங்க ஐயா என்றோம்.

ஐந்தாம் நாள் மத்தியானம் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும், எண்ணெய் தடவிச் சீவிய தலை, இஸ்திரி போட்ட சட்டை. தம்பிக்கு ரயில்வேயில் வேலை, பெண் தேடுகிறோம், உங்கள் லயத்தில் நல்ல பெண் இருப்பதாகக் கேள்விப்பட்டோம் என்றார். பெண் பார்க்க வந்தவருக்குத் திறக்காத கதவு எங்கள் தோட்டத்தில் கிடையாது. அப்பா இறந்து நான்கு வருஷம். என் கல்யாணத்தைப் பற்றி அம்மா கவலைப்படாத நாளில்லை. பாயை விரித்து உட்காரவைத்தாள். என்னைத் தலை சீவச் சொன்னாள். பிறகு எங்கள் ஆட்கள் எல்லாரும் முதலில் கேட்கும் கேள்வியைக் கேட்டாள். எந்தத் தோட்டம், யார் வீட்டுப் பிள்ளை, பெண் எடுத்தது எங்கே?

அவரும் சொன்னார். பிறந்தது கோலா கங்சார் பக்கம். பெண் எடுத்தது பாகான் செராயில். அம்மா விடவில்லை. மாமியாரின் தகப்பன் வீடு எது, பாலத்துக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று போய்ப் போய், கடைசியில் அவருடைய மாமியார் எங்கள் சித்தப்பா வீட்டுக்குச் சம்பந்தி முறை என்று கண்டுபிடித்துவிட்டாள். உறவு கிடைத்ததும் வீட்டில் விளக்கேற்றியதுபோல் ஆகிவிட்டது. வாழைப்பழத்தை மாவில் தோய்த்துப் பிசாங் கோரெங் சுட்டுப் போட்டாள். நான் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுச் சுவரோரம் நின்றேன்.

அவர் மெல்ல, தோட்டத்தில் ஏதோ பிரச்சினை என்று சொல்கிறார்களே என்றார். அம்மா பெருமையோடு எல்லாவற்றையும் சொன்னாள். பலகை, பதினாறு விதி, மண்டோரின் ஓட்டம், ஒன்றும் பாக்கியில்லை. இந்த யோசனை யாருக்கு வந்தது என்று அவர் கேட்டார்.

அம்மா ஒரு கணம் என்னைப் பார்த்தாள். துரையை எதிர்த்து லயத்தையே கிளப்பிவிட்ட பெண் என்றால் எந்த வீட்டில் எடுப்பார்கள்? ‘பெண்ணுக்கு அடக்கம், அண்ணனுக்குத் திறமை’ என்பதுதான் சம்பந்தப் பேச்சின் இலக்கணம்.

“எல்லாம் என் மவன்தான் தம்பி. பேப்பர்லாம் படிப்பான். இது வாயில்லாப் பூச்சி” என்று என்னைக் காட்டினாள்.

நானும் தலையைக் குனிந்துகொண்டேன். இதைச் சொல்லத்தான் வேண்டும். வெட்கப்பட்டுக் குனியவில்லை, பொய்க்கு ஒத்து ஊதத்தான் குனிந்தேன். ரயில்வே மாப்பிள்ளை என்றதும் எனக்கும் ஆசை வந்துவிட்டது.

என் அண்ணன் பால் மரமே வெட்டுவதில்லை. முதுகில் டின்னைக் கட்டிக்கொண்டு புல்லுக்கு மருந்து அடிக்கிறவன். பேப்பர் படிப்பான், உண்மைதான். கடைசிப் பக்கத்தில் வரும் பந்து விளையாட்டுச் செய்தி மட்டும் படிப்பான். பிரட்டுக்களத்தில் ஒரு பலகை தொங்குகிறது என்பதே அவனுக்குத் தெரியுமோ என்னவோ.

ஏழாம் நாள் காலை பிரட்டுக்களத்துக்குப் போலீஸ் ஜீப் வந்தது. முதுகில் டின்னோடு நின்ற அண்ணனை அப்படியே ஏற்றினார்கள். மண்டோர் பின்னாலேயே ஓடி, ஐயா, டின்னில் மருந்து இருக்கு, ஊத்திக்கப்போகுது என்று கழற்றி வாங்கினார். ஜீப்பிலிருந்து அண்ணன் என்னைப் பார்த்த பார்வையில் பயத்தைவிடக் குழப்பம்தான் அதிகம் இருந்தது. ஜீப் கிளம்பியதும் துரை ஆபீஸ் வாசலில் நின்று, தலையை எடுத்தாச்சு, இனி வால் எத்தனை நாள் ஆடும் பார்ப்போம் என்றார்.

எல்லாருக்கும் அது அவன் தலையெழுத்தாகத் தெரிந்தது. தைப்பிங் முகாம், இரண்டு வருஷம். அந்த அக்கா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து, நாம் பழையபடி வெட்டிவிடுவோம், அண்ணனை விட்டுவிடுவார்கள் என்றாள். சொன்னவளே அழுதாள். நான் வேண்டாம் என்றேன். தைரியத்தால் சொன்னேன் என்று யாரும் எண்ண வேண்டாம். நாளைக்கே நாங்கள் பழையபடி வெட்டினால், அண்ணன்தான் தலைவன் என்று நாங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது மாதிரி ஆகிவிடும் என்று கணக்குப் போட்டேன். தலை போனதும் வால் நின்றுவிட்டது என்பார்கள். வால் ஆடிக்கொண்டே இருக்க வேண்டும்.

மறுநாள் நானும் அம்மாவும் முதல் பஸ்ஸைப் பிடித்து ஈப்போ பாலாய்க்குப் போனோம். போலீஸ் நிலையத்துக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். பாலாய்ப் படி ஏறிய பெண்ணை இனி எவன் கேட்பான் என்று வழி முழுக்க அம்மா முனகினாள். ஆனால் திரும்பிப் போகலாம் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

உள்ளே மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர் எங்கள் வீட்டுப் பாயில் உட்கார்ந்தவர். அதே சட்டை. நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். அம்மா மட்டும் நேராகப் போய் எதிரில் நின்றாள்.

“தம்பிக்கு ரயில்வேல வேலைன்னீங்களே?”

“தம்பியே இல்லம்மா” என்றார் அவர், காகிதத்தைப் பார்த்தபடி.

“மாமியா இருக்காங்கள்ல? பாகான் செராய்ல, பாலத்துக்கு அந்தப் பக்கம். எங்க வீட்டுச் சோத்தத் தின்னுட்டு எம்புள்ளயத் தூக்கிட்டு வந்தீங்கன்னு ஆளனுப்பட்டுமா?”

அந்த மனிதர் தலையைத் தூக்கிய விதத்தை நான் மறக்க மாட்டேன். வேலையைப் பொய் சொன்னார், தம்பியைப் பொய் சொன்னார். ஆனால் யார் வீட்டுப் பிள்ளை என்று ஒரு தாய் கேட்டபோது அவருக்கும் பொய் வரவில்லை. உறவு என்றதும் அம்மாவின் வாய் எப்படித் தானாகத் திறந்ததோ, அவர் வாயும் அப்படித்தான் திறந்திருக்கிறது. எழுந்து அம்மாவுக்கு நாற்காலி போட்டார்.

நான் அப்போதுதான் பேசினேன். அண்ணனுக்கு ஒன்றும் தெரியாது, யோசனை என்னுடையது என்றேன். அவர் சிரித்தார்.

“அண்ணனக் காப்பாத்த வந்தியா? அன்னிக்கு நீ வாயே தொறக்கலியே, தங்கச்சி.”

“பொண்ணு பாக்க வந்தவரு முன்னால வாயத் தொறந்தா எவன்ணே கட்டுவான்?”

அவருக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. உன் அண்ணன் நேற்றிலிருந்து ஒரு விதியைக்கூடச் சொல்ல மறுக்கிறான், எதைக் கேட்டாலும் தெரியாது என்கிறான், நல்ல பயிற்சி எடுத்தவன் என்று மேலதிகாரி எழுதியிருக்கிறார் என்றார். தெரியாது என்று சொல்வது தெரியாததால்தான் அண்ணே என்றேன். ஏழாவது விதி என்ன என்று சட்டென்று கேட்டார். சொன்னேன். பதினான்கு என்றார். சொன்னேன். பிறகு ஒன்றிலிருந்து பதினாறுவரை மூச்சு விடாமல் ஒப்பித்தேன். கடைசியில், இப்படிக்குத் தோட்ட நிர்வாகி என்றும் சொல்லி, அடியில் துரையின் கையெழுத்து இருக்கிறது என்றேன்.

“கையெழுத்தா?” என்று நிமிர்ந்தார்.

அதற்குப் பிறகு உள்ளே கூட்டிப்போனார். மேலதிகாரி வயதான மலாய்க்காரர், பொறுமையான மனிதர். நான் தெரிந்த மலாயில் திரும்பவும் எல்லாவற்றையும் சொன்னேன். எறும்பு கடித்ததையும் சொன்னேன். குழந்தைக்கு என்ன வயது என்று மட்டும் கேட்டார். நாங்கள் வேலையை நிறுத்தவில்லை துவான், துரை கையெழுத்துப் போட்டதைத்தான் செய்கிறோம், அது குற்றமென்றால் என்னைப் பிடியுங்கள், அண்ணனை விடுங்கள் என்றேன். அவர் என்னை வெகுநேரம் பார்த்தார். பிடித்தாலும் பிடிப்பார், அவருக்கு அதற்கு ஒரு காகிதம் போதும். பிறகு ஒரு சார்ஜனைக் கூப்பிட்டு, தோட்டத்துக்குப் போய்ப் பலகையில் இருப்பதை எழுத்து விடாமல் எழுதி வா என்றார். எங்களை வீட்டுக்குப் போகச் சொன்னார். அண்ணனைப் பார்க்க விடவில்லை.

சார்ஜன் அன்று சாயங்காலமே வந்து பலகை முன்னால் நின்று எழுதினார். கையெழுத்தையும் அப்படியே பார்த்து வரைந்துகொண்டார். துரை வாசலுக்கு வந்து பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். நாங்கள் மறுநாளும் அதற்கு மறுநாளும் பலகைப்படியே வெட்டினோம். நான் வெட்டும்போதெல்லாம் அண்ணனைத்தான் நினைத்தேன். அவன் ஒட்டுப்பால் நாற்றம் தாங்காமல் மருந்தடிக்கிற வேலைக்குப் போனவன்.

பன்னிரண்டாம் நாள் கொட்டகையிலிருந்து உர மூட்டைகளை வெளியே தூக்கினார்கள். யார் யாரிடம் என்ன பேசினார்கள் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. பாலாய்க்காரர்கள் கேட்டார்களோ, காலித் தொட்டியைப் பார்த்துக் கம்பெனிக்காரர்கள் கேட்டார்களோ, தெரியாது. பெண்கள் கேள்வி கேட்காமல் உள்ளே புகுந்து தரையைக் கழுவினார்கள். மருந்து வாடை போக மூன்று தடவை கழுவினோம். பிறகு தொட்டில் கயிறு கட்டினோம்.

அண்ணனை அதற்கு இரண்டு நாள் கழித்து விட்டார்கள். ஆறு மாதம் வாரம் ஒருமுறை பாலாயில் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லித்தான் விட்டார்கள். அதை அவன் கடைசிவரை ஒழுங்காகச் செய்தான். நான்தான் போய்க் கூட்டிவந்தேன். ஆள் இளைத்திருந்தான், தலைமுடி அழுக்காக இருந்தது. அடித்தார்களா என்று கேட்டேன். இல்லை, தூங்க விடாமல் கேள்வி கேட்டார்கள், பதில் தெரிந்திருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பேன் என்றான். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஈப்போவைப் பார்த்துக்கொண்டே வந்தான். எனக்கு மன்னிப்புக் கேட்க வேண்டும், எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. பெண் பார்க்க வந்தவரிடம் அம்மா சொன்னதையும், நான் தலை குனிந்ததையும் ஒன்று விடாமல் சொன்னேன். ரயில்வே மாப்பிள்ளையாவது நிஜமா என்றான். அதுவும் இல்லை என்றேன். அப்போதுதான் அவன் முகத்தில் சிரிப்பு வந்தது. ஊர் என்ன பேசுகிறது என்று கேட்டான். தோட்டத்து வாசலில் மாலையோடு நிற்கிறார்கள், மண்டோர்கூட வந்திருக்கிறார், நீதான் தலைவன் என்று பக்கத்துத் தோட்டம்வரை பேச்சு என்றேன்.

சட்டை பட்டனைப் போட்டுக்கொண்டு, கையால் முடியைக் கோதிவிட்டு என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தான்.

“வாசல்ல நிக்கிறவங்க கேப்பாங்கள்ல? நான் என்னதான் செஞ்சேன்னு இப்பவாச்சும் சொல்லுடி.”

செமோர் வர இன்னும் அரை மணி நேரம் இருந்தது. முதல் விதியிலிருந்து ஆரம்பித்தேன்.